இடது முழங்கை

என் கையெழுத்தில்தான் எனக்குக் கடிதம் வரும்.
வெ. தெய்வசிகாமணி, அனுப்பர்பாளையம், திருப்பூர் என்று
நானே எழுதி, நானே ஐந்து ரூபாய் ஒட்டி,
இரண்டாய் மடித்து உள்ளே வைத்தனுப்பிய உறை
மூன்று மாதம் கழித்து
வேறொருவர் எச்சிலில் ஒட்டப்பட்டுத் திரும்பும்.

பனியன் பெட்டி அச்சடிக்கிற கம்பெனியில்
ராத்திரி ஷிப்ட் எனக்கு.
வெட்டி ஒதுக்கிய அட்டை ஓரத்தில்
ஓய்வுபெற்ற ஒரு கால்பந்தாட்டக்காரர் தாராளமாய் நிற்பார்.
பழைய பேப்பர் படம், கீழே பேர்,
பின்பக்கம் எந்த அணி, எந்த வருசம், எத்தனை கோல்.
வார்னிஷ் ஓட்டுவதில்லை, பால்பாயிண்ட் வழுக்கும்.
(முதல் வருசம் தெரியாமல் ஓட்டிவிட்டேன்.
கொல்லத்துக்காரர் ஒருவர் மூன்று முறை அழுத்தி
அட்டையையே கிழித்துவிட்டார்.
மன்னிப்புக் கேட்டு எழுதிய தாளில்
கையெழுத்து அத்தனை அழகு.)

பேத்தியின் ஸ்கெட்ச் பேனாவில் பச்சையாய் ஒன்று.
வங்காளத்தில், எனக்குப் படிக்க வராமல் ஒன்று.
பாதிப் பேர் எழுதிக் கை நடுங்கி
மீதிக்கு ஒரு கோடு இழுத்தது ஒன்று.
பிரிக்கப்படாமலே வந்ததும் உண்டு,
முகவரியைச் சாய்வாய் அடித்து
அந்த ஊர்த் தபால்காரர் எழுதிய ஒற்றைச் சொல்லோடு.
அதையும் எடுத்து வைத்தேன்.
எண்பது சென்டிமீட்டர் பெட்டியில் கோல் கீப்பர்கள்,
எண்பத்தைந்தில் தடுப்பாட்டம்,
தொண்ணூறில் முன்வரிசை.

ஞானாதிக்கம் சிங்காநல்லூர்க்காரர், மில் டீமில் ஆடியவர்.
பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்.
"நேர்லயே போயி வாங்கிட்டு வாறதுக்கென்னுங்ணா?"
என்றாள் தபால் கொண்டுவரும் சுகுணா.
போகலாம்.
போனால் காப்பி தருவார்கள்,
ஆபரேசன் செய்த மூட்டைக் காட்டுவார்கள்,
அப்புறம் காத்திருக்க என்ன இருக்கும்?
ஐந்து ரூபாய் ஒட்டினேன்.

பதினோராம் நாளே வந்துவிட்டது.
கையெழுத்து முகத்தின் மேல் இல்லை,
நெஞ்சின் மேலும் இல்லை.
படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும் யாரோ ஒருவரின்
இடது முழங்கை மேல் இருந்தது.
கூடவே மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம்:
"வணக்கமுங்க. படத்துல ஓடறது நானில்லீங்க.
என்ற மொழங்கை மட்டுந்தான் வந்திருக்குது.
அதனால அதுமேலயே போட்டுட்டேனுங்க."

அன்று ராத்திரி
முழங்கையை மட்டும் பெரிதாக்கினேன்.
நானூறு சதவீதத்தில் அது முழங்கையே இல்லை,
கறுப்புப் புள்ளிகள், நடுநடுவே வெள்ளை.
நாலடி தள்ளி நின்றால் மடங்கிய ஒரு கை,
யாரையோ இடிக்கப் போகிறதா
விழாமலிருக்க விரிந்ததா
சொல்ல முடியவில்லை.
"இது எந்த பார்ட்டியோட டிசைனு?" என்றார்
சூப்பர்வைசர் துரைராசு.
சிங்காநல்லூர் பார்ட்டிங்க என்றேன்.
பின்பக்கம் அடித்தேன்:
ஞானாதிக்கம். இடது தடுப்பாட்டம். கோல் இல்லை.

பத்து அட்டை அனுப்பினேன்,
அந்த ஓடுகிறவர் யாரென்றும் கேட்டு.
ஒன்பது வந்தன, எல்லாமே கையெழுத்தோடு.
"ஒன்னு நான் வெச்சுக்கிட்டேனுங்க.
கோல் இல்லைன்னு போட்டிருக்கீங்க. ஒன்னு இருக்குதுங்க,
நம்ம கம்பத்துக்குள்ளயே அடிச்சது.
அதைய எழுத வேண்டாம்.
அந்தப் பையன் பேரு நெனப்பு வல்லீங்க.
நல்லா ஓடுவான்."

நல்லாத்தான் ஓடுகிறார்.
முழு முகம், பறக்கும் முடி,
பூட்ஸின் அவிழ்ந்த கயிறுகூடத் தெளிவு.
முகவரி இல்லை.
அவரை ஃப்ரீ சைஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன்,
தபால்தலை ஒட்டிய
என் உறை ஒன்றோடு.